பத்தைத் தொட வேண்டும்

மார்ச் 9, திங்கள்
காலையிலேயே வெயில். மனைவி கிருபாவோடு திருப்பதி ஆஸ்பத்திரி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டரை. மூன்று வாரம் முன்பு எட்டு புள்ளி நாலு. அத்தனை மாத்திரைக்கும் ஒரே ஒரு புள்ளி! கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க வேண்டும். பத்து வராமல் கத்தி வைக்க மாட்டாராம் டாக்டர். அதுவரை மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும். எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.
சித்தூர் வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். உதடு வெளுத்திருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்
இனிமேல் சமையல் நான். என் மோட்டார் வைண்டிங் கடை பதினொரு மணிக்குத் திறந்தால் போதும்.
வாங்கியது: முருங்கைக் கீரை, கேழ்வரகு மாவு, கறுப்புக் கொண்டைக்கடலை, எள், வெல்லம். பரணிலிருந்து இரும்புச் சட்டி. துரு தேய்த்து முழங்கை வலி.
ஆட்டு ஈரல் கொடுத்தால் சீக்கிரம் ஏறும் என்றார் டாக்டர். ஆனால் லெந்து, ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள். கி. ஒரே பிடியாக, "பொருத்தனைங்க, ஆண்டவருக்கு நேர்ந்துக்கினேன். ஈஸ்டர் வரைக்கும் கறி வாணாம்."

மார்ச் 12, வியாழன்
கீரைக்காரம்மா சிரிக்கிறாள்: "மள்ளீ முனகாகா அன்னா?" ஆமாம் தாயே, மறுபடியும் முருங்கைதான்.
கெட்ட யோசனை ஒன்று. ஈரலை அரைத்து வடையில் கலந்தால்? கறிக்கடை வரை போய்விட்டேன். கால் கிலோ என்று வாய் வரை வந்தது. திரும்பிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் பொய் சொன்னதில்லை. பீடி விஷயம் தவிர.

மார்ச் 15, ஞாயிறு
ஆராதனை முடிந்து சபை வாசலில் மேரி. பக்கத்துக் குடிபாலா ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கள் சபைப் பெண். எல்லாவற்றையும் கொட்டினேன். கிருபாவிடம் ஒரே கேள்வி கேட்டாள்.
"மாத்திரைய எதோட முழுங்கினு கீற அக்கா?"
"டீயோடதான். வெறும் வயித்துல போடச் சொன்னாங்க. லெந்துல பன்னண்டு மணி வரைக்கும் ஒண்ணும் துன்றதில்லயே."
"டீ மட்டும் குடிப்பியா?"
"டீ உபவாசத்துல சேராதே!"
எங்கள் சபையில் எல்லாருக்கும் அப்படித்தான். டீயை யாரும் ஆகாரமாக எண்ணுவதில்லை. மதியத்துக்குள் மூன்று டம்ளர் போய்விடும்.
மேரி தலையில் அடித்துக்கொண்டாள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். சாப்பிட்ட கையோடும் கூடாது, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். மாத்திரைக்குப் பாலும் ஆகாது, எலுமிச்சைத் தண்ணீர்தான். கீரையிலும் எலுமிச்சை. கூடவே கொய்யா, நெல்லிக்காய். உபவாசம் இந்த வருஷம் வேண்டாம்.
வீட்டுக்கு வந்ததும் கி. கேட்டாள், "தினம் காலைல அந்த டீய போட்டுக் குடுத்தது யாரு?"
நான்தான். ஏலக்காய் தட்டிப் போட்டு.

மார்ச் 22, ஞாயிறு
புழுக்கம். கரண்ட் இல்லை. கி. காலையில் கேழ்வரகு அடை துன்றாள் (எனக்கும் அவள் பேச்சு வந்துவிட்டது). கறி இன்னும் வேண்டாமாம். சரி, அது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. கொண்டைக்கடலைச் சுண்டல் எனக்கே அலுத்துவிட்டது, அவள் ஒரு கடலைகூட மிச்சம் வைப்பதில்லை.
மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டாள். நடுவில் உட்காரவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 1, புதன்
திருப்பதி. பத்து புள்ளி ஒன்று. சீட்டை இரண்டு தடவை படித்தேன்.
இன்றே சேர்ந்துவிடுங்கள், நாளைக் காலை ஆபரேஷன் என்றார் டாக்டர். சம்மதப் படிவத்தை என் முன்னால் நீட்டினார்கள். பேனா நகரவில்லை. பத்து, பத்து என்று அலைந்தேனே, வந்தபின் என்ன என்று ஒரு நாளாவது யோசித்தேனா? கத்தி, மயக்க ஊசி. எனக்குப் பயம். அவ்வளவுதான்.
"இன்னா, பேரு மறந்து போச்சா?" என்று என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. எத்தனையோ மாதமாக ஜில்லிட்டுக் கிடந்த கை.
கையெழுத்துப் போட்டேன்.