கோலி மெஷின் ஓடுகிறது, மாமா

வாய் நிறையச் சிடுசிடுப்பும், சட்டைப் பையில் எனக்கென்று ஒரு கடலை மிட்டாயுமாக வீடு திரும்பும் என் மாமாவுக்கு,

சாந்தி எழுதுகிறேன். போய்ச் சேர்ந்த மாமனாருக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆச்சு என்று படிக்கிறவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். உங்களிடம் ஒன்று கேட்டே ஆகவேண்டும். உங்கள் பேரைச் சொல்லி உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு மண்டை காய்கிறது.

இருங்கள், முதலில் வீட்டுச் செய்தி. மேடவாக்கத்தில் ஃப்ளாட் முடிவாகிவிட்டது. இந்த மேற்குத் தாம்பரம் வீட்டை ஓனர் இடித்துக் கட்டப்போகிறாராம். உங்கள் பிள்ளை இப்போது நாவலூர் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறார், அவருக்கு மேடவாக்கத்திலிருந்து பக்கம். எனக்குத்தான் சானடோரியம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். புது வீட்டில் லாரி வந்தால்தான் தண்ணீர் என்று கேட்டதிலிருந்து நான் குடமாக வாங்கிச் சேர்க்கிறேன். அத்தைக்கு வேறு கவலை. "ரயிலு சத்தமே இருக்காதாமேடி, எப்படித் தூங்கறது?" என்கிறார்.

சாமான்களைக் கட்ட ஆரம்பித்தபோதுதான் கோலி மெஷின் பேச்சு வந்தது. ஊரெல்லாம் பின்பால் என்கிறதை நம் வீட்டில் மட்டும் கோலி மெஷின் என்கிறோம். பல்லாவரம் பக்கம் ஏதோ ஒரு கிளப்பை மூடியபோது நீங்கள் வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, தெருவே வேடிக்கை பார்க்கக் கொண்டுவந்து இறக்கினீர்களாமே. சாய்ந்த மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே உருளும் இரும்புக் குண்டு, பொத்தானை அழுத்தினால் எழும்பி அதைத் தட்டிவிட இரண்டு குட்டிக் கை. ரொம்பப் போட்டு ஆட்டினால் 'டில்ட்' என்று சிவப்பு விளக்கு எரிந்து ஆட்டம் நின்றுவிடும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அது ஓடவில்லை. கண்ணாடி மேல் அத்தை வடாம் காயவைத்திருந்தார். பெட்ஷீட் போர்த்திய அந்த உருவத்தைப் பார்த்து நான் ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அது நின்றுபோன கதையை அத்தைதான் சொன்னார். உங்கள் பிள்ளை சின்னப் பையன். ஆயுத பூஜை அன்று காலையில், குண்டு கீழ்ப் பள்ளத்தில் விழாமல் இருக்க மெஷினைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கியிருக்கிறார். நீங்கள் சத்தம் போட்டு நிறுத்தினீர்கள். பிறகு பூஜை. பூஜை ஆனபின் கருவி எதையும் அன்று தொடக்கூடாது என்பதால் மெஷினுக்கும் ஓய்வு. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டீர்கள். விளக்கெல்லாம் எரிந்தது, குண்டு மட்டும் வரவில்லை. "நேத்து போட்டு ஆட்டினியே, பாத்தியா!" என்று பளாரென்று ஒரு அறை.

ஒரே ஒரு அறைதான் என்கிறார் அத்தை. அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் கை நீட்டியதே இல்லையாம். ஆனால் உங்கள் பிள்ளை அந்த மெஷின் பக்கம் அப்புறம் போகவே இல்லை. மெஷின் பக்கம் என்ன, உங்கள் பக்கமும்தான். நீங்கள் இருவரும் என் மூலமாகவே பேசிக்கொண்டீர்களே, மறந்துவிட்டீர்களா? "அவனைச் சாப்பிடச் சொல்லும்மா." "அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடு." நடுவில் நான் ஒரு டெலிபோன் ஆபீஸ்.

"காயலாங்கடைக்குப் போட்டுடு" என்றார் உங்கள் பிள்ளை, மெஷினைப் பார்க்காமலே. "ஓடாத சாமானை மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போய் என்ன பண்றது?"

"ஓட வெச்சா?"

"ஓடாது சாந்தி. நான்தான் ஒடச்சேன்."

நாற்பதை நெருங்கும் ஆள், சின்னப் பையன் மாதிரிச் சொல்கிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சர்க்யூட் போர்டுக்குச் சால்டர் வைத்தே கண் பூத்துப்போன நான் இருக்கும்போது ஒரு கோலி மெஷின் காயலாங்கடைக்குப் போவதா? அதைவிட, குற்றவாளியாகவே அவரைப் புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை. ஓட வைத்துக் காட்டினால் 'நான்தான் ஒடச்சேன்' போய்விடும் என்று நினைத்தேன்.

உள்ளே எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. கடித்த ஒயரையெல்லாம் மாற்றினேன். இறுகிப்போன ரப்பர் வளையங்களுக்குப் பதிலாக சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டினேன். அமெரிக்கக் கரண்டுக்குச் செய்த மெஷினுக்கு நம்மூர் கரண்டை இறக்கிக் கொடுக்க நீங்கள் வைத்தீர்களே ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், அது இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, கவலை வேண்டாம். சுவிட்சைப் போட்டேன். விளக்கெல்லாம் எரிந்தது. குண்டு வரவில்லை! வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்காத வீடு மாதிரி நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டினால் உடைகிற பாகம் எதுவும் உள்ளே உடைந்திருக்கவில்லை. அப்புறம் என்னதான் கேடு இதற்கு?

"இன்னாமா, அது உன்னைப் பேஜார் பண்ணிகினு கீது, நீ அதைப் பேஜார் பண்ணிகினு கீற" என்று அத்தை காபி கொண்டுவந்து வைப்பார்.

அப்போதெல்லாம் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் புதுக் கண்ணாடி வந்த சமயம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சாமானையும் புதிதாகப் பார்க்கிற மாதிரி எடுத்து எடுத்துப் பார்த்தீர்கள். ஒருநாள் டார்ச்சோடு மெஷின் முன்னால் உட்கார்ந்து, அதில் காசு போடும் முன்கதவைத் திறந்து வெகுநேரம் பார்த்தீர்கள். "மாமா, நான் வேணா ரிப்பேர் பண்ணிப் பாக்கட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு, "இதை நோண்டாதம்மா. அப்படியே கெடக்கட்டும்" என்றீர்கள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறார் மனுஷர் என்று எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்புப் போட மறந்தேன். நீங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. சாப்பிடும்போது உங்கள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதிசயமாக அவரே நேராக, "என்னப்பா?" என்றார். "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல் அந்த முன்கதவுக்கு வந்தேன். காசு போட்டால் அது உள்ளே போய் ஒரு பித்தளைப் பட்டையைத் தட்டும், அந்தப் பட்டை கீழே இருக்கும் இன்னொரு பட்டையைத் தொடும், ஆட்டம் ஆரம்பமாகும். நம் வீட்டில் காசா போட்டார்கள்? கதவைத் திறந்து விரலால் தட்டுவது வழக்கமாம். நான் தட்டியபோதும் நன்றாகத்தான் அசைந்தது, அதனால்தான் அதன் மேல் சந்தேகமே வரவில்லை. இரண்டு பட்டையையும் சேர்த்தே கழற்றி லென்ஸில் பார்த்தேன். கீழ்ப் பட்டையின் மேல், இரண்டும் தொடவேண்டிய இடத்தில், பழுப்பாக ஒரு பொருக்கு. பழைய பிசின் என்று நினைத்து ஈரப் பஞ்சால் ஓரத்தைத் தொட்டேன்.

சந்தன வாசனை வந்தது, மாமா.

பஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். மறுபடி பார்த்தால் அது பொட்டு. நடுவில் குங்குமச் சிவப்புகூட இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு காய்ந்து இறுகி, இரண்டு பட்டையையும் ஒட்டவிடாமல் இத்தனை வருஷம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது! உலுக்கியதில் ஒன்றும் உடையவில்லை. நம் வீட்டில் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறவர் யார்? நீங்கள்தானே! நீங்களே வைத்துவிட்டு, நீங்களே அந்தப் பிள்ளையை அறைந்தீர்களா? எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் சுவரில் இருந்த உங்கள் போட்டோவைப் பார்த்து, "நல்லா இருக்கா உங்களுக்கு?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை ஓடிவந்தார். காட்டினேன். லென்ஸை வாங்கிக் குனிந்து பார்த்தார். அப்புறம், "கம்முனு தொடச்சிட்டு ஓட்டிக் காட்டுடி. அவன் கைல ஒண்ணும் சொல்லாத. போய்ட்ட மனுசன் மேல எதுக்குப் பழி?" என்றார்.

நான் என்ன செய்வது சொல்லுங்கள்? சொன்னால் பதில் பேச முடியாத உங்களைக் காட்டிக் கொடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் ஒரு தப்பும் செய்யாத மனுஷர் சாகும்வரை 'நான்தான் ஒடச்சேன்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வேனை நிறுத்திவிட்டு வருகிற சத்தம் கேட்கும்வரை, சொல்வேன், மாட்டேன், சொல்வேன் என்று மனசு ஊசலாடியது. கடைசியில் என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் பட்டையை வாங்கி லென்ஸில் பார்த்தார். பிறகு இரண்டு பட்டைக்கும் நடுவில் சுண்டுவிரலை விடப் பார்த்தார். நுழையவில்லை. "உன் விரலை விடு" என்றார். என் விரலும் நுழையவில்லை. தினமும் இதையே வேலையாகப் பார்க்கிற எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள்.

"இது அப்பா வெச்சது இல்ல சாந்தி" என்றார். "அப்பா வெரலு எப்படி உள்ள போவும்? இது நான் வெச்சது."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்த வருஷம் சந்தனக் கிண்ணத்த அப்பா என் கைல குடுத்தாரு. மெஷினுக்கெல்லாம் நீ வைடா, ஒண்ணு விடாதேன்னாரு. சைக்கிளு, ஃபேனு, மிக்ஸி எல்லாத்துக்கும் வெச்சேன். இதுக்குக் கண்ணாடி மேல வெச்சா அது பொட்டிக்குத்தானே, மெஷின் உள்ளதானே இருக்குன்னு கதவத் தொறந்து கைய விட்டேன். தொட்டா ஓடுற எடம் இதுதான், அதான் இதுக்கு வெச்சேன்." சொல்லும்போதே சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைக் கேட்டார். "அப்பாவுக்கு இது தெரியுமா?"

நான் யோசிக்கவே இல்லை மாமா. "தெரியும்" என்றேன். "கண் ஆபரேஷனுக்கு அப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. உங்க சின்ன வெரல் வெச்ச பொட்டுன்னு தெரிஞ்சுதான் யாரையும் தொட விடல."

இதுதான் உங்கள் பேரைச் சொல்லி நான் சொன்னது. உண்மையா? அன்று நீங்கள் அதைப் பார்த்தீர்களா, இல்லை எலிப்புழுக்கையைப் பார்த்துவிட்டு அலுத்துக் கதவைச் சாத்தினீர்களா? பார்த்திருந்தால் சாப்பாட்டு நேரத்தில் 'ஒண்ணுமில்ல' என்றீர்களே, ஏன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பார்க்கவில்லை என்றால், நான் சொன்னது பொய்தானே? எனக்கு ஒரு பக்கம் நிச்சயமாகத் தெரிகிறது, மறு பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்?

"தொடைக்காம ஓடாதா?" என்றார். "வேற பட்டை போட்டுத் தரேன், இதை எடுத்து வெச்சுக்கலாம்" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "வேணாம். பொட்டு வெச்சதே மெஷின் நல்லா ஓடணும்னுதானே" என்று அவரே ஈரப் பஞ்சை எடுத்துத் துடைத்தார். வீடு முழுக்கச் சந்தன வாசனை. நான் பட்டையை மாட்டினேன். அவர் கதவுக்குள் கையை விட்டுத் தட்டினார். டக்கென்று குண்டு வந்து நின்றது!

மெஷினின் மணிச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் குனிந்து ஆடினார். குண்டு நடுவில் சரிந்து கீழே போகப் பார்த்தது, அவ்வளவுதான், மனுஷர் தன்னை மறந்து மெஷினைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினார். 'டில்ட்' எரிந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, திரும்பி உங்கள் நாற்காலியைப் பார்த்தார்.

யாரும் திட்டவில்லை. அதற்குத்தான் மாமா அவர் அழுதார்.

மேடவாக்கத்துக்கு மெஷினையும் எடுத்துக்கொண்டு போகிறோம். லிஃப்டில் ஏறாது, படியில் தூக்க ஆள் பேசியாகிவிட்டது. வருகிற ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை அவர் கையில்தான் கொடுப்பேன், கண்ணாடி மேல் மட்டும் வைக்கவேண்டும் என்று சொல்லியே கொடுப்பேன். மெஷினை அவர் உலுக்கும்போதெல்லாம் உங்கள் குரலில் நான் சத்தம் போடுவேன், கை மட்டும் ஓங்கமாட்டேன். நான் சொன்னது பொய்யாக இருந்தால் அந்தப் பொய் என்னோடு இருக்கட்டும். உண்மையாக இருந்தால், அவர் கனவில் ஒருநாள் வந்து நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள். இனிமேல் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் டெலிபோன் ஆபீஸாக இருக்க என்னால் முடியாது.

மருமகள் என்று யாரிடமும் சொல்லாமல், 'எங்க வீட்டுப் பொண்ணு' என்றே நீங்கள் சொல்லிவந்த,
சாந்தி