கீழ் வீட்டு ரேடியோ

மார்ச் 7, 1978. செவ்வாய். அலெக்ஸாந்திரியா.

இன்றுதான் மறுபடி இசைக் கல்லூரிக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் மாணவர்கள் எல்லாரும் வயலினை மடியில் கிடத்திவிட்டார்கள். "வாசிங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கக்காரன் காதில் நாற்பதாம் நாள் வரை இசை விழக் கூடாதாம். வேறு வழியில்லாமல் கரும்பலகையில் ஸ்வரங்களை எழுதிக் காட்டினேன். அடுப்பு மூட்டாமல் சமையல் சொல்லிக் கொடுப்பது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் என் மனைவி தௌலத் சிரித்திருப்பாள். சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 9, வியாழன்

கல்லறைக்குப் போய் வந்தேன். காற்றில் ஒரே புழுதி.

மார்ச் 11, சனி

வானொலி நிலையத்திலிருந்து போன் செய்தார்கள். புதிய மாலை நாடகத் தொடருக்கு முகப்பு இசை என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஜனவரியில் நான் ஒப்புக்கொண்ட வேலை. "முடியலைன்னா சொல்லுங்க உஸ்தாத், வேற ஆளைப் பாத்துக்கறோம், தப்பா நினைக்க மாட்டோம்" என்றார்கள். முடியும் என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன்?

கிளப்பில் அக்கார்டியன், சர்க்கஸில் ட்ரம்பெட், சினிமாவில் அழுகைக்கு வயலின், சோப்பு விளம்பரம், பள்ளிக்கூடப் பாட்டு — கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டது கொடுத்தவன் நான். மெட்டு வராமல் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது ஊத் வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்கவே கை போகவில்லை.

எடுத்தாலும் யாரிடம் வாசித்துக் காட்டுவது? எந்த மெட்டு போட்டாலும் முதலில் அவளிடம்தான் போகும். சமையலறை வாசலில் நின்று வாசிப்பேன். அவள் திரும்பாமலே "உப்பு கொஞ்சம் கம்மி" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டு அந்த வாயிலிருந்து வந்ததில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு உண்டு.

மார்ச் 13, திங்கள்

கீழ் வீடு ஊமையாகக் கிடக்கிறது. டிராம் ஓட்டும் ஜாபரின் ரேடியோ. பொழுது சாய்ந்தால் அலறும். எத்தனை முறை மாடிப்படி இறங்கிப் போய் அந்த மனிதனுடன் சண்டை போட்டிருப்பேன். "இங்கே ஒருத்தன் இசை எழுதறான்யா" என்று கத்துவேன். மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் மறுபடி அலறும்.

இப்போது சத்தம் இல்லை. எழுத வேண்டியதுதானே?

ஒரு வரி வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஜாபர் ஒதுங்கி நின்று தலையைக் குனிகிறார். பழைய சண்டையை மனதில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 14, செவ்வாய்

பருப்பு சூப் வைக்க முயன்றேன். அடிப்பிடித்துவிட்டது. இந்த சமையலறைக்குள் இத்தனை நேரம் நான் நின்றதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லா வீட்டு சமையலறைகளும் பார்த்துக்கொள்ளும் அந்தக் குறுகிய காற்றுச் சந்து. ஜன்னலோரம் மேலிருந்து கீழ்வரை போகும் தண்ணீர்க் குழாய். அதில் ஒரே இடத்தில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு பளபளக்கிறது. பெரிய கரண்டியின் காம்பு வேறு வளைந்திருக்கிறது. அவளும்தான் எதையும் ஒழுங்காக வைத்துக்கொண்டதில்லை.

மார்ச் 18, சனி

கல்லூரியில் பியானோ சொல்லிக்கொடுக்கும் சிரானூஷ் இன்று என் அறைக்கு வந்தாள். ஆர்மீனியாக்காரி, மனதில் பட்டதைப் போட்டு உடைப்பாள்.

"ஃபிக்ரி, உன் கீழ் வீட்டுக் கல்யாணம் நின்னுடுச்சு, தெரியுமா?"

"எந்தக் கல்யாணம்?"

"ஜாபர் பொண்ணு அவாதிஃப். ஊர்வலத்துக்கு அக்கார்டியன் வாசிக்க என்னைப் பேசியிருந்தாங்க. இப்ப வேண்டாம்னுட்டாங்க. மாப்பிள்ளை குவைத்ல வேலை. லீவு இந்த மாசத்தோட முடியுது. போனா அடுத்த வருஷம்தான். அதுக்குள்ள மாப்பிள்ளையோட அம்மா வேற பொண்ணு பாக்கறாளாம். நாலஞ்சு வருஷமாக் காத்திருக்கு அந்தப் பொண்ணு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எப்படிக் கேப்பாங்க? மேல துக்கம் இருக்கறப்ப கீழ குலவை போட அனுமதி கேக்க வாய் வருமா? நீயாப் போய் சொல்லணும். அதுதானே உங்க வழக்கம்? எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?"

தெரியாமல் என்ன. துக்க வீட்டுக்காரன் தானே இறங்கிப் போய், தன் கையால் அந்த வீட்டு ரேடியோவைத் திருகிவிட வேண்டும். அதன் பிறகுதான் அங்கே பாட்டும் மேளமும். கீழ் வீட்டு மௌனத்தைக் கோபம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

போகவில்லை.

மார்ச் 20, திங்கள்

பாதிப் படி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். ரேடியோவைத் திருகினால் அவள் போய்விட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். நாற்பது நாள் எனக்கென்று ஊர் கொடுத்தது. அதையும் நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அவர்கள் பெண் ஒரு வருஷம் காத்திருந்தால் என்ன, குடியா முழுகிவிடும்? நான் இனி யாருக்குக் காத்திருக்க முடியும்?

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். இவ்வளவு கெட்டவனா நான்?

மார்ச் 23, வியாழன்

கல்லறையிலிருந்து திரும்பும்போது டிராம் ஸ்டாப்பில் அவாதிஃப்பைப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

தொழுகை முடிந்து நேராகக் கீழ் வீட்டுக்குப் போனேன். ஜாபர் பதறிப்போய் நாற்காலி போட்டார். அவர் மனைவி கரீமா காப்பி கொண்டுவந்தாள். துக்கத்துக்கு உரிய சர்க்கரை இல்லாத காப்பி.

"சர்க்கரை போட்டுக் கொடும்மா" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரேடியோ எங்கே?"

"அது ரிப்பேர் உஸ்தாத்" என்றார் ஜாபர். அலமாரி மேல் பூப்போட்ட துணி மூடி இருக்கிறது, கண்ணெதிரே. எழுந்து போய்த் துணியை எடுத்தேன். கரீமா குறுக்கே வந்து நின்றாள்.

"நாற்பது முடியட்டும் உஸ்தாத். கல்யாணத்துக்காக இல்ல, அக்கா போனதிலிருந்து எங்களுக்கே அதைத் தொட மனசு வரல. அது யாருக்காகப் பாடிச்சுன்னு நினைச்சீங்க?"

"யாருக்காக?" என்றேன்.

"எங்களுக்கென்ன காது செவிடா, அவ்வளவு சத்தமா வெக்க? உங்க வீட்டுலதான் ரேடியோ கூடாதே. அடுப்புல சட்டிய வெச்சுட்டு அக்கா ஜன்னல்ல வந்து நிப்பாங்க. தொடர் ஒண்ணு விடமாட்டாங்க. உங்க பாட்டு வந்துட்டா கரண்டியால குழாயில ரெண்டு தட்டு. நாங்க இன்னும் கூட்டி வெப்போம். 'இது எங்க வீட்டுக்காரர் போட்டது'ன்னு சந்துல எல்லா ஜன்னலுக்கும் கேக்கற மாதிரி சொல்லுவாங்க."

"நான் வந்து கத்தினப்பல்லாம் ஏன் சொல்லல?"

ஜாபர் தரையைப் பார்த்தார். "சத்தியம் வாங்கிட்டாங்க உஸ்தாத். 'தெரிஞ்சா அந்த மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிடும், நீ திட்டு வாங்கிக்கோ'ன்னாங்க."

அங்கேயே அழுதேன். அவர்களும் அழுதார்கள். பிறகு ரேடியோவைத் திருகினேன். ஏதோ பருத்தி விலை சொல்லிக்கொண்டிருந்தது.

மார்ச் 25, சனி

அடுத்தவன் மெட்டு காதில் ஏறினால் நம் மெட்டு கெட்டுவிடும் என்று வீட்டுக்குள் ரேடியோவே விடவில்லை நான். அவளுக்கும் காது இருக்கிறது என்று தோன்றவில்லை.

உப்பு கம்மியாம். அடிப்பாவி. எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 30, வியாழன்

கல்யாணம் நடந்தது. சிரானூஷின் அக்கார்டியனுக்குப் பக்கத்தில் நின்று ஊர்வலத்துக்கு நான் ஊத் வாசித்தேன். கண்டபடி வாசித்தேன், யாரும் கவனிக்கவில்லை, நல்லவேளை. கரீமாவின் குலவை என்னைப் பார்த்ததும் தொண்டையில் நின்றது. "போடும்மா" என்றேன், போட்டாள். சிவப்பு ஷர்பத் கொடுத்தார்கள். குடித்தேன்.

ஏப்ரல் 3, திங்கள்

வகுப்பில் நானே முதலில் வயலினை எடுத்து வாசித்தேன். மாணவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அபஸ்வரம் தாங்கவில்லை. வாய்விட்டுத் திட்டினேன். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி.

ஏப்ரல் 5, புதன்

முகப்பு இசை முடிந்தது. சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். நிலையத்தில் கொடுத்துவிட்டேன். வாத்தியக்காரர்களை வைத்து நாளை பதிவு.

ஏப்ரல் 15, சனி

இன்று மாலை தொடர் ஆரம்பம். நிலையத்துக்கு வந்து கேளுங்கள் என்றார்கள், போகவில்லை. வீட்டில் இன்னும் ரேடியோ வாங்கவில்லை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். கீழே விளம்பரங்கள் முடிந்தன. என் வயலின்கள் ஆரம்பித்தன. சந்து வழியாகச் சன்னமாகத்தான் வந்தது. ஜாபர் எனக்குப் பயந்து குறைத்து வைத்திருக்கிறார்.

கரண்டியை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கீழே சத்தம் கூடியது.