எல்லாக் கட்டிலிலும் நிற்கும்

ஜூன் 4

அன்புத் தங்கச்சிக்கு,

போன் செய்தால் "வார்டுல இருக்கேன், அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மூட்டு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகிறது. நடக்கச் சொல்கிறார் டாக்டர். வாக்கரோ, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி சுவரோரம் நிற்கிறது. தொடவே பயம். வேலைக்கு வரும் பெண் போன பிறகு விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. நீயும் தனி, நானும் தனி. வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இரு. என் பென்ஷன் இருவருக்குத் தாங்கும். யார் யாரையோ பார்த்துக்கொள்கிறாய், கூடப் பிறந்தவளைப் பார்க்க மாட்டாயா?

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மருந்து ட்ராலியில் சாய்ந்து நின்று படித்தேன். அழுகை வந்தது. அதற்குள் ஏழாம் கட்டிலில் டிரிப் முடிந்துவிட்டது, ஓடினேன்.

விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. நேற்று ஒருவர் என் மேலேயே வாந்தி எடுத்தார். இன்னொருவருடைய மகன், "நீ யாரும்மா? டாக்டரைக் கூப்பிடு" என்று எகிறினான். கால் இரண்டும் விண்விண்ணென்று வலிக்கிறது. ராஜினாமா எழுதிப் பையில் வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன பஸ் டிரைவர். நாங்கள் வைத்த பெயர் ஹாரன், அப்படிக் கத்துவார். படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். எழுப்பினால், "வண்டி பிரேக்டவுன் சிஸ்டர், விட்டுடுங்க" என்கிறார். அவரை நடக்கவைத்துவிட்டு வருகிறேனே.

உன் வாலு

ஜூன் 14

வாலு,

ஹாரன் முக்கியமா, அக்கா முக்கியமா? அதை மட்டும் எழுது.

அக்கா

ஜூன் 20

அக்கா, அக்கா! ஹாரன் நடந்துவிட்டார்!

கெஞ்சிக் கெஞ்சி வாய் வலித்துப்போய், எரிச்சலில் வாக்கரை முன்னால் வைத்து ஒரு விசிலடித்தேன். "போலாம், ரைட்!" என்றேன். பழக்க தோஷம், அவருடைய கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கியது.

"எதுவரைக்கும்?" என்றார்.

"ஜன்னல் வரைக்கும்ணே."

"எக்ஸ்பிரஸா, சாதாவா?"

"எல்லாக் கட்டில்லயும் நிக்கும்."

எதிர்க்கட்டில் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு சீட் போட்டு வையும்மா" என்றார். அந்த நேரம் பார்த்துத் தலைமை நர்ஸ் வந்து நின்றார். "இது ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டா?"

"படியில நிக்காதீங்கம்மா, உள்ள வாங்க!" என்றார் டிரைவர்.

வார்டே சிரித்தது. தலைமை நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார். ஜன்னலை எட்டியதும் டிரைவர் கீழே ஓடும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். என் கால்வலி போன இடம் தெரியவில்லை அக்கா.

நீ கேட்டதற்குப் பதில்: நீதான் முக்கியம். ராஜினாமா பையில்தான் இருக்கிறது. வா என்று ஒரு வார்த்தை எழுது, கொடுத்துவிட்டு வருகிறேன்.

வாலு

ஜூன் 27

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாக்கரைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. வீட்டில் யாருமில்லாத நேரத்தில் மெதுவாக, "போலாம், ரைட்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் நாள் அறைக்கதவு வரை. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். கைகால் நடுங்கும் எத்தனை பிள்ளைகளைப் பள்ளி மேடையில் ஏற்றி, "ஒண்ணும் ஆகாது, பேசு" என்று கீழே நின்றிருக்கிறேன்! நடுங்கிக்கொண்டே பேசலாம் என்பது போல, நடுங்கிக்கொண்டே நடக்கவும் முடிகிறது. மறுநாள் சமையலறையில் ஒரு ஸ்டாப், பிறகு வாசல். வீட்டு வேலைக்கு வரும் பெண் பதறிப்போய், "டீச்சர், எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். "வண்டி வருது, வழிவிடு" என்றேன்.

ராஜினாமாவைக் கிழித்துப் போடு. அந்த எதிர்க்கட்டில் பெரியவர் சீட் கேட்டுக் காத்திருக்கிறார் அல்லவா? லீவு கிடைக்கும்போது வா. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், பார்த்துவிட்டுப் போனால் போதும்.

தபால்பெட்டி தெருமுனையில் இருக்கிறது. இதை யாரிடமும் கொடுத்தனுப்பப் போவதில்லை. உன் கைக்கு வந்தால், வண்டி போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்.

அக்கா