மூன்று தடவை போட்ட பெருக்கல் குறி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். இங்கே அம்மா முழு நலம், நான் முக்கால்வாசி நலம், மிச்சத்தைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன், போனில் சொன்னால் பாதியிலேயே டிக்கெட் போட்டுவிடுவாய்.

உன் விண்வெளிப் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம் மூன்றாவது தடவையாக வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதிய அப்பாவுக்கே புரிந்தால் ஊருக்கே புரியும் என்று நீதான் புரியாத இடத்தில் பெருக்கல் குறி போடச் சொன்னாய். நானும் ஒர்க்‌ஷாப்பில் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு படிக்கிறேன், ஸ்பேனர் பிடிக்கிற ஆளு பேப்பர் திருத்துறாருப்பா என்று ரிப்பேருக்கு வண்டி விட வருகிறவர்கள் கிண்டல். விண்வெளியிலிருந்து திரும்பியவர் எழுந்து நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போதாமல் கண் இருட்டுகிற பத்திக்குக் குறி போட்டேன். நீ எளிமையாக்கி அனுப்பினாய். மறுபடி போட்டேன். இப்போது தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மாடிக் குழாய் என்றெல்லாம் சொல்லி எழுதியிருக்கிறாய். அப்பா மண்டை இவ்வளவு மட்டமா என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். உண்மையைச் சொல்கிறேன், திட்டாதே. முதல் தடவையே புரிந்துவிட்டது. இரண்டு மாதமாக, வண்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் எனக்கும் அதே இருட்டு. ரிப்பேருக்கு வந்த ஒரு டீச்சரின் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டே அதோடு சேர்ந்து சாய்ந்தேன், ஆயில் வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் புளுகினேன். அந்தப் பத்தியை நீ எடுத்துவிட்டால் எனக்கும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் போல ஒரு நினைப்பு, குறியைப் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது தடவைக்கும் பென்சிலைக் கூர் சீவி, குறியும் போட்டு வைத்திருந்தேன், அதை அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். ஸ்கூட்டர் விழுந்தது எந்த ஆயிலில் என்றாள். கடைத்தெருவைத் தாண்டாத மனுஷனுக்கு விண்வெளி வியாதி கேட்குதா என்று காதைத் திருகாத குறையாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். நான் விழுங்குகிற பிரஷர் மாத்திரைதான் எனக்கு அதிகமாம், பாதியாகக் குறைத்துவிட்டார். பத்து நாளாகக் கண் இருட்டவில்லை, அதனால் கிளம்பி வராதே. நீயும் எழுதுகிறேன் பேர்வழி என்று ஒரே இடத்தில் உட்காராதே, எழுந்து நட, எழும்போது மெதுவாக எழு.

புத்தகம் நல்லபடியாக வரட்டும், நீ நன்றாக இரு. மறந்துவிடாதே, மூன்றாவதாக எழுதியதையே போடு. புரிந்தும் புரியாத மாதிரி நடிக்கிறவன் எல்லா வீட்டிலும் ஒருத்தன் இருப்பான், அவன் கிடக்கிறான், அவன் பக்கத்தில் இருக்கிறவளுக்குப் புரியட்டும்.

இப்படிக்கு,
குறிகளை ரப்பரால் அழித்துவிட்டு மெதுவாக எழுந்து நிற்கும்
உன் அப்பா