மூன்று வீடுகளுக்கு ஒரு கிணறு

புக்கரெஸ்ட்,
புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்மரான்டா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? அடுப்புக்கு விறகு போதுமா?

புதிய கணக்குப் பாடநூலுக்காக நான் எழுதிய ஒரு கணக்கைப் போன வாரம் ஒரு பள்ளியில் கொடுத்துப் பார்த்தோம். மூன்று வீடுகளுக்குப் பொதுவாக ஒரே கிணறு. அதை எங்கே தோண்டலாம்? இதுதான் கேள்வி. பிள்ளைகள், "எந்தச் சூத்திரம் டீச்சர்?" என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. பழைய புத்தகத்தைப் புரட்டிச் சூத்திரம் தேடினார்கள். பிறகு இலியாங்கா என்ற சிறுமி, "அந்த வீடுங்கள்ல நடக்க முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்குப் படம் வரைந்து சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் குழுத் தலைவர் வாலெரியானுக்கு அது பிடிக்கவில்லை. "பரீட்சையில இதுக்கு எப்படிம்மா மார்க் போடுறது? எடுத்துடு" என்றார்.

"இதை எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஒருவழியாக அந்தக் கணக்கு புத்தகத்திலேயே இருந்துவிட்டது. பயப்படாதீர்கள், வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் இப்போது குழுவில் யாரும் என் மேஜைக்கு வருவதில்லை. பேச்சில்லாததால் சூப்பைச் சூடாகவே குடித்துவிடுகிறேன்.

முடிந்தால் பிளம் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். கம்பளிக் காலுறையும் வேண்டும். ஞாயிறன்று போனில் பேசும்போது, எனக்கு வேலை இருக்குமென்று நினைத்துச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு ஆடு உங்கள் முட்டைக்கோஸைத் தின்ற கதையை இன்னொரு தடவை சொன்னாலும் கேட்பேன்.

இதை நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; டிராம் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஸ்மரான்டா