அலமாரிக்குப் பின்னால் ஒரு வட்டம்

சமையலறை அலமாரியைக் கழற்றியதும் சுவரில் உன் வட்டம் இருந்தது. வெறும் பென்சில் கோடுதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல் நேற்றுப் போட்டதுபோல அப்படியே இருந்தது. கொத்தனார் தூசியைத் துடைத்துவிட்டு, "யாரோ முன்னாடியே அளவு போட்டு வெச்சிருக்காங்க சார்" என்றார். வாசலில் போய் நின்றுகொண்டேன்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடி அறைக்குப் போகிறேன். காப்பி மட்டும் போடத் தெரிந்தவனுக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு? போன வாரம் வீடு பார்க்க வந்த பெண் சமையலறையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "அங்கிள், இங்க புகை போக ஜாகாவே இல்வா?" என்று தமிழும் கன்னடமுமாகக் கேட்டாள். இடமே இல்லையா என்று. நான்கு பர்னரும் அடியில் ஓவனுமாக ஒரு பெரிய கேஸ் ரேஞ்ச் கொண்டுவருகிறார்களாம். மேடையை வெட்டி அது உட்கார இடம் செய்து, மேலே சிம்னிக்கும் வழி செய்து தந்தால் வருகிறோம் என்றாள். "செஞ்சுடலாம்மா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வாயில்!

நீ கேட்டது இதில் பாதிகூட இல்லை. ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். விஜயநகரில் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிக் குடிவந்து பத்து நாள் ஆகியிருந்தது. மிளகாய் தாளித்தால் வீடே இருமியது. ஜன்னலைத் திறந்தால் காற்றில் அடுப்பு அணையும். மூடினால் புகை நிற்கும். நீயே கொத்தனாரை வரவழைத்து, சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வைத்து வட்டம் போட்டுக் கொடுத்தாய். ஆபீஸிலிருந்து வந்த நான் உளியைப் பார்த்ததும் கத்தினேன். பால் காய்ச்சிய வீட்டில் ஒரு வருடத்துக்குச் சுவரில் உளி படக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதை நான் அவ்வளவு நம்பினேனா என்று இப்போது தெரியவில்லை. என்னைக் கேட்காமல் நீ ஆளைக் கூப்பிட்டதுதான் உறுத்தியிருக்க வேண்டும்.

"ஒரு வருஷந்தானுங்களே, இருந்துக்கறேன்" என்றாய்.

ஏழாம் மாதம் அலமாரிகள் வந்தன. ஆசாரி அந்த இடத்தில் ஒன்றை வைத்துத் திருகும்போது பக்கத்தில் நின்றிருந்தாய். "வட்டம் உள்ள போயிருச்சுங்க" என்றாய். கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகிவிடும் என்றேன். வருடம் முடிந்தபோது புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தோம். அடுத்து மழைக்காலம். அடுத்து எனக்கு இடமாற்றம் வரும்போல இருந்தது. வரவில்லை. இப்படியே பதினேழு வருடம் ஓடிவிட்டது. அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செவுத்துக்கு வலிக்கும்னு பாக்கறீங்க. என்ற கண்ணு எரிஞ்சாப் பரவாயில்லீங்களா?" என்று சிரிப்பாய். உன் ஊர்க் கொள்ளேகால் பேச்சைக் கேட்க எனக்குப் பிடிக்கும். நானும் கூடவே சிரித்திருக்கிறேன்.

பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சமையலறையில் புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். உன்னைத்தான் கேட்டார். "இதெ டாக்டர், இதெ" என்று நான் முந்திக்கொண்டேன். இருக்கிறது என்று. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஆட்டோவில் வரும்போது, "நாளைக்கு இட்லிக்கு ஊறப் போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாய்.

மறுநாளே ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நான் சொன்னது பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் கூப்பிடவில்லை. இதை உன்னிடம் சொல்ல வேறு நாள் கிடைக்கும் என்று இருந்துவிட்டேன். புகையால்தான் என்று கடைசிவரை எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் தெரியாதே.

முந்தாநாள் அலமாரிகளைக் காலி செய்தேன். கீழ்த்தட்டு டப்பாக்கள் துடைத்தால் பளிச்சென்று ஆயின. அடுப்புக்கு மேலிருந்த டப்பாக்களைக் கத்தியால் சுரண்ட வேண்டியிருந்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பிசின் மாதிரி வந்தது. இதைத்தான் நீ தினமும் மூச்சில் இழுத்தாய். மேலே சுரண்ட முடியாமல் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று கொத்தனார் மேடையை வெட்டினார். ஆசாரி, சிலிண்டர் நிற்கும் கீழ் அலமாரிக் கதவின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளை போட்டார். "கேஸ் கசிஞ்சா கீழதான் சார் தங்கும். மேல ஓட்டை போட்டு என்ன பிரயோசனம்?" என்றார். பிறகு கொத்தனார் சிம்னிக் குழாயின் அளவுக்கு உன் வட்டத்துக்குள்ளேயே சின்னதாக வெட்டினார். பத்து மணிக்கு ஆரம்பித்தது, பதினொன்றரைக்கு வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது. ஒன்றரை மணி நேர வேலை. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் கோடு இன்னும் ஓட்டையைச் சுற்றி நிற்கிறது. சிம்னி மாட்டினால் அதுவும் மறைந்துவிடும்.

இன்று காலை ரேஞ்சைப் பொருத்த ஆள் வந்தார். அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, புகை போக வழி இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். அதே கேள்வி. இப்போது சொன்னால் அது உண்மை. ஆனாலும் "இதெ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையை நீட்டிச் சுவரைக் காட்டினேன். அவர் போய் ஓட்டையில் கையை விட்டு, காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அன்று டாக்டர் வந்து பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பி எழுதிக்கொண்டார். அப்போது நீ என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வையோடுதான் மாடிப்படி ஏறுகிறேன்.