எனக்கு வந்த தமிழும் உனக்கு வந்த தமிழும்

அக்கா,

இன்று காலை தில்லை நகர் காய்கறிக் கடையில், வடக்கேயிருந்து வந்த ஒரு பெண் வாழைப்பூவைக் காட்டி என்னவோ கேட்டாள். கடைக்காரருக்குப் புரியவில்லை. அவளுடைய சின்ன மகள் குறுக்கே வந்து, "இதை எப்படி ஆயுறதுன்னு அம்மா கேக்குறாங்க" என்றாள், அச்சு அசல் திருச்சிக்காரியாக. கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் நினைவு வந்துவிட்டது.

ஐம்பதுகளில் அப்பாவுக்கு ரயில்வேயில் மாற்றலாகி நாக்பூரிலிருந்து நாம் ஸ்ரீரங்கம் வந்தபோது எனக்கு ஐந்து வயது, உனக்குப் பதினைந்து. ஒரே வீடு, ஒரே தெரு. கொஞ்ச நாளிலேயே நான் தெருப்பிள்ளைகளோடு தமிழில் சண்டை போட்டேன். நீ புத்தகம் வைத்துப் படித்தாய். என்னைவிட நிறையச் சொற்கள் உனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் மராத்திதான் முந்திக்கொண்டு வரும். ழகரத்தோடு நீ மல்லுக்கட்டுவது எனக்குப் பெரிய வேடிக்கை. தெருப் பெண்கள் சிரித்ததும் நீ வெளியே பேசுவதையே விட்டுவிட்டாய். கடைக்கு, தபாலாபீசுக்கு, எங்கே போனாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். போனதும் முதுகில் ஒரு தட்டு: நீ சொல்லு.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தபோது உனக்குப் பத்தொன்பது. அந்த வேலையே பேசுவதுதான். துணைக்கு வந்த என்னை வாசல் பெஞ்சிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே நடந்ததை வெளியே வந்து நீதான் சொன்னாய். அதிகாரி எண்களைத் தமிழில் சொல்லச் சொன்னாராம். ஏழு வந்ததும் நின்று, "இது எனக்குச் சரியா வராதுங்க" என்றாயாம்.

"எங்க வீட்லயே பாதிப் பேருக்கு வராதும்மா. நம்பர் புரியுதுல்ல, மேல சொல்லுங்க" என்றாராம் அவர்.

"இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேனே" என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாய். அதுவும் உரக்க, தமிழில். வேலையும் கிடைத்தது. பிறகு காந்தி மார்க்கெட் வியாபாரிகள் உன் குரல் கேட்டதுமே, "நாக்பூர் அம்மாவா? தஞ்சாவூருக்கு லைன் குடுங்க" என்பார்களாம். அதை நீ எத்தனை பெருமையாகச் சொல்வாய்.

அறுபதுகளில் அத்தை மகன் கல்யாணத்துக்கு நாக்பூர் போனோம். நான் மராத்தியில் இரண்டு வார்த்தை பேசியதும் பந்தியே சிரித்தது. என் மராத்தி முழுக்கக் காவிரித் தண்ணீர் கலந்திருந்தது. வெட்கத்தில் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எனக்காகப் பேசச் சொன்னேன். நீயோ ஒதுங்கி நின்றுகொண்டு, அங்கே யாருக்கும் புரியாதபடி தமிழில், "சிரிச்சா சிரிக்கட்டும், நீ பேசு" என்றாய். அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நீ கண்ணை மூடியபின் இந்த வீட்டில் மராத்தி பேச ஆளில்லை. அது எனக்குப் பெரிய குறைதான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை மகனுக்கு போன் போடுகிறேன். இந்த வயதிலும் என் மராத்தியைக் கேட்டு அவர் சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். பேச்சை மட்டும் நிறுத்துவதில்லை.